பழைய மைக்செட் குழாய் ரெண்டு: வீட்டுல பாட்டுக் கேக்க எப்படித் தயார் பண்றது?

உசிலம்பட்டி_குழாய்

வணக்கம். 16 அங்குல வாய் உள்ள, ஒலி உள்ளேயே மடங்கி வர்ற அலுமினிய ரிஃப்ளெக்ஸ் குழாய் ரெண்டு இருக்கு. பின்னாடி மரையில முடுக்குற, சத்தம் எழுப்புற யூனிட். ஒண்ணுல மட்டும் "16 ஓம், 30 வாட்"னு லேபிள் மிச்சம் இருக்கு. வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் 8 ஓமுக்கு 30 வாட் தர்றது. கேக்கப்போறது பழைய சினிமாப் பாட்டு, நாகஸ்வரம், கொஞ்சம் ஒப்பாரி ரெக்கார்டு.

முதல் குழாய் நல்ல சத்தம், ஆனா தவில் அடி விழுந்தா கரகரங்குது. ரெண்டாவது குழாயில வால்யூம முழுசாத் திருகினாலும் முதல் குழாய் அளவுக்குச் சத்தம் வரல. வெளியே வர்ற வயர் முனையில மல்டிமீட்டர் வெச்சா முதலாவது 12 ஓம், ரெண்டாவது 28 ஓம் காட்டுது.

என் திட்டம்: ரெண்டுக்கும் 60 வாட் டைட்டானியம் டயாபிராம் (யூனிட்டுக்குள்ள அதிர்ற மெல்லிய தகடு) போட்டு, ஆம்ப்ளிஃபையர்ல பாஸை ஏத்தி ஓட்டுறது. அப்புறம் பெயிண்ட். சரியா வருமா?

வைகைக்கரை_ஆம்ப்

திட்டத்தை அப்படியே நிறுத்துங்க தம்பி. டயாபிராம் வாங்குற காசு மிச்சம்.

ரெண்டாவது குழாய் கெட்டுப்போகவே இல்லை. 16 ஓம் யூனிட்டோட காயில் (டயாபிராமை ஆட்டுற கம்பிச் சுருள்) மீட்டர்ல 11 முதல் 13 வரைக்கும்தான் காட்டும். 28 காட்டுதுன்னா நீங்க அளந்தது காயிலை இல்லை, உள்ளே ஒளிஞ்சிருக்குற லைன் டிரான்ஸ்பார்மரோட (நீள வயர்ல வர்ற 100 வோல்ட்டைக் காயிலுக்கு ஏத்த மாதிரி இறக்குறது) முதல் சுற்றை, அதாவது வெளி வயர் வந்து சேர்ற சுருளை. 100 வோல்ட் லைனுக்கு 30 வாட் டேப்பிங்னா (வாட்டைத் தேர்ந்தெடுக்குற இணைப்பு) அந்தச் சுற்றோட இம்பீடன்ஸ், அதாவது ஒலி மின்சாரத்துக்குத் தர்ற எதிர்ப்பு, 100 × 100 ÷ 30, அதாவது 333 ஓம். உங்க ஆம்ப்ளிஃபையர் உச்சத்துல தர்றது 15.5 வோல்ட். அது 333 ஓமுக்குள்ள போனா முக்கால் வாட்டு கூடத் தேறாது. மைக்செட்காரங்க ஒண்ணுல டிரான்ஸ்பார்மரைத் தாண்டி நேரா இணைச்சிருக்காங்க, இன்னொண்ணுல விட்டுட்டாங்க, அம்புட்டுதான்.

பின்மூடியைக் கழற்றி யூனிட் முனை ரெண்டையும் நேரா வெளியே கொண்டு வந்துருங்க. டிரான்ஸ்பார்மரை அறுத்து எறிய வேணாம், வயர் முனையில டேப் சுத்தி உள்ளேயே ஓரமா விடலாம். அப்புறம் அளந்தா இதுவும் 12 பக்கம் வரணும். வரலைன்னா அப்போ யூனிட்டைச் சந்தேகப்படலாம்.

8 ஓம் ஆம்ப்ளிஃபையர்ல 16 ஓம் மாட்டுறதுல ஆபத்து இல்லை. கிடைக்கிற வாட்டு பாதியாகும், அதுவே ஏராளம். இந்த மாதிரிக் குழாய் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி 105 முதல் 110 டெசிபல் தரக்கூடியது.

மரை_முடுக்கி, மேலூர்

கரகரப்புக்கு நான் சொல்றேன். யூனிட்டைத் திறக்குறதுக்கு முன்னாடி குழாய்த் தொண்டையில டார்ச் அடிச்சுப் பாருங்க. பரண்ல கிடந்த குழாயில பாதிக்குப் பாதி குளவிக்கூடு இருக்கும். காஞ்ச மண் உதிர்ந்து யூனிட் வாயில விழுந்து, காத்து அசையும்போதெல்லாம் அது குதிக்கும். குழாயைத் தலைகீழா வெச்சுத் தட்டி, ஈரத்துணி சுத்துன கம்பியால உள் வளைவு வரைக்கும் துடைங்க. யூனிட் மாட்டியிருக்கும்போது தண்ணி ஊத்தக் கூடாது.

மரை இறுகிப் போயிருந்தா யூனிட்டைச் சுத்தியலால தட்டவே தட்டாதீங்க. ஃபெரைட் காந்தம் பீங்கான் மாதிரி, ஒரே அடியில விரிசல் விடும். குழாய்க் கழுத்தைச் சுத்தி வெந்நீர்த் துணி பத்து நிமிஷம் கட்டி வெச்சா அலுமினியம் விரிஞ்சு கொடுக்கும். புது யூனிட் வாங்க நேர்ந்தா மரையை அளந்துட்டுப் போங்க: பரவலா இருக்குறது 1-3/8 அங்குலம், அங்குலத்துக்கு 18 புரி.

மண் இல்லைன்னா யூனிட்டைத் திறக்கணும். மேசையில இரும்புத் தூள், அறுத்த வயர்த் துண்டு எதுவும் இருக்கக் கூடாது, நியூஸ் பேப்பரை விரிச்சுக்கோங்க. பின்மூடி, டயாபிராம் வளையம், காந்தக்கூடு மூணையும் சேர்த்து ஒரே கோடாக் கீறி அடையாளம் வைங்க. ஸ்க்ரூவை எதிரெதிரா அரைச் சுத்து அரைச் சுத்தாத் தளர்த்துங்க. கடைசி ஸ்க்ரூவை எடுக்கும்போது ஸ்க்ரூடிரைவரைக் கெட்டியாப் பிடிக்கணும். காந்தம் அதை இழுத்து டயாபிராம் மேல குத்த வெச்சதுதான் இந்த வேலையில அதிகமா நடக்குற கூத்து. டயாபிராமை நேர் மேலே தூக்குங்க, சாய்ச்சா காயில் உரசிடும்.

காயில் சுத்து கருகிக் கறுத்திருந்தா சூட்டுல வெந்தது, அதை மாத்தியே ஆகணும். ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேய்ஞ்சிருந்தா நடுவுல உட்காரலைன்னு அர்த்தம். சுத்து கழண்டு நூல் மாதிரித் தொங்கினாலும் கரகரக்கும். காயில்ல இருந்து முனைக்கு வர்ற மெல்லிய பட்டையை ஊசி நுனியால பைய அசைச்சுப் பாருங்க. அது பாதி முறிஞ்சிருந்தா சத்தம் விட்டுவிட்டு வரும்.

காந்த இடுக்கை ஊதக் கூடாது, இரும்புத் தூள் இன்னும் உள்ளேதான் போகும். விசிட்டிங் கார்டை இடுக்குல நுழையுற அளவுக்குப் பட்டையா வெட்டி, டேப்பை ஒட்டுற பக்கம் வெளியே தெரியுற மாதிரி சுத்தி, இடுக்கு முழுக்க ஒரு வட்டம் ஓட்டுங்க. டேப் கறுப்பா வரும். புது டேப் சுத்தி மறுபடி. வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க, எட்டு பத்துத் தடவை ஆகும்.

காந்தக்கூட்டைப் பிரிக்காதீங்க. பழைய யூனிட்ல அல்நிக்கோ காந்தம் இருந்தா, இரும்புக் கூட்டை விட்டு வெளியே எடுத்ததுமே பலம் குறைஞ்சிடும். ஃபெரைட்டுக்கு அந்தப் பயம் இல்லைன்னாலும் நடு மையம் போயிடும்.

மாட்டும்போது ஸ்க்ரூவை விரலால மட்டும் முடுக்கி, போன்ல டோன் ஆப் வெச்சு 800 ஹெர்ட்ஸ் சன்னமா விடுங்க. கரகரத்தா வளையத்தை முடி அளவு நகர்த்துங்க. சுத்தமான விசில் வந்ததும் எதிரெதிரா கால் சுத்து கால் சுத்தா இறுக்கி, ஒவ்வொரு தடவையும் காது கொடுங்க. அப்புறம் 400 வரைக்கும் இறக்கிப் பாருங்க. கேஸ்கெட் கிழிஞ்சிருந்தா அதே கனத்துல காகிதம் வெட்டிப் போடுங்க. கனம் கூடினா மேல் ஸ்தாயி மங்கும், குறைஞ்சா டயாபிராம் எதிரே உள்ள பிளக்ல (ஒலியைத் தொண்டைக்கு அனுப்புற கட்டை) இடிக்கும். பின்மூடியில வயர் வர்ற ஓட்டையை அடைக்க, புளிச்ச வாடை வராத நியூட்ரல் சிலிக்கான் வாங்குங்க. வாடை அடிக்கிற சிலிக்கான் செம்பை அரிக்கும்.

உசிலம்பட்டி_குழாய்

ரெண்டு அண்ணனுக்கும் நன்றி. ரெண்டாவது இப்ப 11.8 காட்டுது, சத்தம் பொளக்குது. முதலாவதுல டேப் ஆறு தடவை கறுப்பா வந்துச்சு. 800-ல சுத்தமா இருக்கு, 400-லயும் சுத்தம். ஆனா 200 ஹெர்ட்ஸ் விட்டா மறுபடி படபடங்குது. காயில் இன்னும் உரசுதா?

வைகைக்கரை_ஆம்ப்

உரசல் இல்லை. அந்தக் குழாய்க்கு 200 ஹெர்ட்ஸ் கொடுக்கவே கூடாது.

குழாய் வாயோட சுற்றளவு அலைநீளத்துக்குச் சமமா இருக்குற இடம்தான் ஏறக்குறைய அதோட அடி எல்லை. 16 அங்குலம்னா விட்டம் 0.406 மீட்டர், சுற்றளவு 1.28 மீட்டர். ஒலி வேகம் 345-ஐ அதால வகுத்தா 270 ஹெர்ட்ஸ். 20 அங்குல வாய்க்கு 216, 24 அங்குலத்துக்கு 180. அதுக்குக் கீழே குழாய்க்குள்ள இருக்குற காத்து டயாபிராமுக்கு எதிர்ப்புத் தராது. எதிர்ப்பு இல்லாத டயாபிராம் வெறுங்கையை வீசுற மாதிரி எல்லை தாண்டி ஆடும். பிளக்ல இடிக்கும், விளிம்பு கிழியும், பட்டை முறியும். பாஸ் நாபைத் திருகினா தவில் கேக்காது, யூனிட்தான் போகும். மைக்செட் யூனிட் செத்ததுல முக்கால்வாசி இப்படிச் செத்ததுதான்.

ஒவ்வொரு யூனிட்டுக்கும் தொடர்ல ஒரு கண்டென்சர் போடுங்க. 16 ஓமுக்கு 300 ஹெர்ட்ஸ்ல வெட்ட 33 மைக்ரோஃபாரட், 100 வோல்ட், துருவம் இல்லாத வகை. அது கிடைக்கலைன்னா சாதா 68 மைக்ரோஃபாரட் ரெண்டை மைனஸோட மைனஸ் சேர்த்துப் பற்ற வெச்சா 34 வரும். 8 ஓம் யூனிட்டா இருந்தா மதிப்பு ரெண்டு மடங்கு.

ஒடுக்கு_எடுப்பவன்

டைட்டானியம் பத்தி யாரும் பேசலை, நான் பேசுறேன். வேண்டாம். பழுப்பு நிறப் பினாலிக் (பிசின் ஏத்துன துணி) டயாபிராம் ஆறு ஏழாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் போகும், சரி. ஆனா ரிஃப்ளெக்ஸ் குழாயில ஒலி ரெண்டு தடவை மடங்கி வருது. அந்த வளைவுகளே மேல் ஸ்தாயியைத் தின்னுடும். டைட்டானியம் கொடுக்குறதை வளைவு விழுங்கும், மிஞ்சுறது கூச்சல் மட்டும். நேர் குழாயா இருந்தா யோசிக்கலாம். நாகஸ்வரத்துக்குப் பினாலிக்தான் அழகு. சலங்கை ஒலி வேணும்னா தனியா ஒரு ட்வீட்டரை 3.3 மைக்ரோஃபாரட் வழியா மாட்டுங்க, 8 ஓமுக்கு 6000 ஹெர்ட்ஸ்ல இருந்து எடுக்கும்.

டயாபிராமைவிட முக்கியம் தகரச் சத்தம். குழாயைத் தொங்கவிட்டு விரலால சுண்டுங்க, மணி மாதிரி அடிக்குதா? அதுவும் பாட்டோட சேர்ந்துதான் பாடுது. கார் கதவுக்குள்ள ஒட்டுற 2 மி.மீ. டேம்பிங் ஷீட்டைக் குழாயோட வெளிப்பின்புறம் பாதியளவுக்கு ஒட்டுங்க. தார் வகை ஷீட்டை மொட்டைமாடியில வைக்கிற குழாய்க்கு ஒட்டாதீங்க, சித்திரை வெயில்ல இளகி வழியும். வாய் விளிம்புக்கு, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்குல கிழிச்சு மாட்டுங்க. தேவை 128 செ.மீ., ஒரு டியூப்ல தாராளமா வரும்.

ஒடுக்கு விழுந்திருந்தா உள்பக்கம் மணல் மூட்டையை அண்டக் கொடுத்து மரச்சுத்தியால விளிம்புல இருந்து நடுவுக்கு வாங்க. பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுக்குறவங்க கிட்டக் கொடுத்தா இன்னும் சுத்தமா வரும். பெயிண்ட்டுக்கு 220 நம்பர் உப்புத்தாள், பிறகு எட்ச் பிரைமர். அலுமினியத்து மேல ரெட் ஆக்ஸைடு அடிச்சா ஒரு மழைக்குள்ள உரிஞ்சிடும்.

உசிலம்பட்டி_குழாய்

அப்ப தவில் கேக்கவே முடியாதா? 10 அங்குல 8 ஓம் ஊஃபர் பெட்டி ஜோடியா இருக்கு. சேர்த்து ஓட்டலாமா? அப்புறம் எங்க தெருப் பொங்கலுக்கு இதையே 100 வோல்ட் ஆம்ப்ளிஃபையர்ல மாட்டணும்னாலும் கேப்பாங்க.

வைகைக்கரை_ஆம்ப்

பெட்டி இருக்குன்னா பாதிக் கவலை தீர்ந்துச்சு. 450 ஹெர்ட்ஸ்ல பிரிங்க. ஊஃபருக்குத் தொடர்ல 2.8 மில்லிஹென்றி சுருள். குழாய்க்கு 33-ஐ எடுத்துட்டு 22 மைக்ரோஃபாரட்.

ஆனா அப்படியே மாட்டினா குழாய் ஊஃபரை முழுங்கிடும், உணர்திறன் வித்தியாசம் அவ்வளவு. கண்டென்சருக்கு அப்புறம் 12 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் தொடர்ல, யூனிட்டுக்கு இணையா 5.6 ஓம், 10 வாட். 12 டெசிபல் குறையும், ஆம்ப்ளிஃபையருக்கு இன்னும் 16 ஓமாவே தெரியும். இதுல இன்னொரு லாபம்: யூனிட்டோட இம்பீடன்ஸ் ஒத்ததிர்வு இடத்துல திடீர்னு ஏறும், அப்போ கண்டென்சர் கணக்கு தப்பும். இணையா இருக்குற 5.6 ஓம் அதை அமுக்கிடும். ஆம்ப்ளிஃபையரோட உஸ்ஸ் இரைச்சலும் காதுல விழாது.

ஊஃபரையும் குழாயையும் ஒரே நேர்ல வெச்சாலும் குழாய்க்குள்ள மடிஞ்சு வர்ற ஒலி பிந்தி வரும், ஒரு மீட்டர் பாதைக்கு 2.9 மில்லிசெகண்ட். அதனால ஊஃபர் வயரை ஒரு தடவை மாத்திக் கொடுத்துப் பாருங்க. ஆண்குரல் எந்தப் பக்கம் கனமா வருதோ அதை வெச்சுக்கோங்க. குழாய் ரெண்டையும் எதிரெதிரா வெச்சு ஒரே பாட்டை மோனோவுல விட்டுக் கேளுங்க. குரல் மெலிஞ்சா ஒண்ணோட பிளஸ் மைனஸ் மாறியிருக்கு.

தெருப் பொங்கலுக்கு டிரான்ஸ்பார்மரைத் திரும்ப இணைச்சு, கண்டென்சரை முதல் சுற்றுப் பக்கம் போடுங்க. ரெசிஸ்டரைக் கழட்டிடணும். 30 வாட் டேப்பிங்னா 1.5 மைக்ரோஃபாரட், குறைஞ்சது 250 வோல்ட் ஏசி. 60 வாட் குழாய் வெச்சிருக்குறவங்களுக்கு மின்விசிறிக் கண்டென்சரே போதும்: 3.15 மைக்ரோஃபாரட் போட்டா சரியா 300 ஹெர்ட்ஸ்ல வெட்டும், எந்த எலக்ட்ரிக் கடையிலயும் கிடைக்கும். ஆனா கூம்பு வடிவ ஒலிபெருக்கின்னாலே போலீஸ் அனுமதியில கறாரா இருக்காங்க, விழாக் கமிட்டி எழுத்துல வாங்கட்டும். ராத்திரி 10 முதல் காலை 6 வரைக்கும் 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி தடை.

மரை_முடுக்கி, மேலூர்

ஒண்ணு விட்டுப்போச்சு. யூனிட்டுக்கும் குழாய்க் கழுத்துக்கும் நடுவுல ரப்பர் வாசர் இருக்கான்னு பாருங்க. அது இல்லாம மரையை எவ்வளவு முடுக்கினாலும் காத்து கசியும், சத்தத்துல ஒரு சீறல் இருந்துக்கிட்டே இருக்கும். எம்-சீல் வெச்சு அடைக்காதீங்க, அடுத்த தடவை கழட்ட முடியாது. வேலை முடிஞ்சதும் வாய்க்குக் கொசுவலைத் துணி கட்டிடுங்க, குளவி அதே இடத்துக்குத் திரும்ப வரும்.