புதுப்பிப்பு: எங்கள் புது லிஃப்டில் எடைச் சோதனை முடிந்தது

போன மாதம் எழுதியிருந்தேனே, எங்கள் அப்பார்ட்மென்ட்டின் புது லிஃப்டில் லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் நாலு பேரை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டு "எல்லாம் ஓகே சார், கையெழுத்துப் போடுங்க" என்றார்கள், எடை வைத்துப் பார்த்தீர்களா என்றால் பதிலே இல்லை என்று. நீங்கள் சொன்னபடி கையெழுத்துப் போடாமல் நின்றோம். நேற்று எடைக்கற்களோடு வந்தார்கள்.

8 பேர் லிஃப்ட், 544 கிலோ வரை ஏற்றலாம். அதற்கு 125 சதவீதம், அதாவது 20 கிலோ கற்கள் 34, மொத்தம் 680 கிலோ. முழு வேகத்தில் இறங்கும்போது மின்சாரத்தைத் துண்டித்தார்கள், பிரேக் மட்டுமே பிடிக்க வேண்டும். முதல் தடவை வழுக்கிக்கொண்டே போய்த்தான் நின்றது. உள்ளே யாரும் இல்லை, ஆனாலும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது, தினமும் அம்மா ஏறப்போகிற லிஃப்ட் இது. பிரேக் ஸ்பிரிங்கைச் சரிசெய்த பிறகு சட்டென்று நின்றது. வெறும் ஆட்களை ஏற்றிப் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அப்புறம் கவர்னரை, அதாவது லிஃப்ட் அளவு மீறி வேகமெடுத்தால் சேஃப்டி கியரை இயக்கும் கருவியை, கையால் தட்டிவிட்டார்கள். லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் அந்த சேஃப்டி கியர் ரெயிலை நன்றாகவே கவ்வியது.

மூன்றாவது மாடிக் கதவின் பூட்டு மட்டும் பாக்கி, சரியாக மூடாமலே லிஃப்ட் நகர்கிறது. அதை மாற்றி, தமிழ்நாட்டின் 1997 லிஃப்ட் சட்டப்படி மின் ஆய்வுத் துறை உரிமம் கைக்கு வரும்வரை எல்லோரும் படிக்கட்டுதான்.