காமன் கூத்துக்காரர் இருவரின் நட்பு: நகைச்சுவைப் படத்துக்குப் பயணக் கதை பொருந்துமா?

பணியக்கணக்கு (ஹட்டன்):
வணக்கம். நண்பர்கள் ஐவர் கைக்காசைப் போட்டு ஒரு நகைச்சுவைப் படம் எடுக்க இருக்கிறோம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், சிவன் மன்மதனை எரித்த கதையைச் சடங்காக ஆடும் காமன் கூத்தில் இருபது ஆண்டுகளாக மன்மதனாகவும் ரதியாகவும் ஆடும் இரண்டு ஆண்கள், ஹட்டனிலிருந்து பதுளை வரை மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறி இறங்கித் தோட்டம் தோட்டமாக ஆடுகிறார்கள். கூத்தில் இணைபிரியாத தம்பதியான அவர்கள், அரிதாரம் கலைந்ததும் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. இந்தப் பயணம் நம்பும்படி இருக்குமா? ரதி வேடக்காரர் சேலையில் தடுக்கி விழும் காட்சிகளும் எழுதியிருக்கிறோம். அவை சடங்கை இழிவுபடுத்துமா?

மாஸ்டரின் மகள் (தலவாக்கலை):
பயணத்தில்தான் பிழை இருக்கிறது. காமன் கூத்து ஊர் ஊராகப் போய்க் காட்டும் ஆட்டமன்று. மாசி மாதத்தில் பிறை பார்த்துக் காமன் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, விரதம் இருந்து அந்தந்தத் தோட்டத்தார் தாமே ஆடுவது. ரதியும் மன்மதனும் போகும் தூரமெல்லாம் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கு லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) கீழ்ப்பிரிவான பணியக்கணக்கு லயம் வரைதான். வாசல் வாசலாக நின்று ஆடி வருவதற்குள் விடிந்துவிடும். வெளித் தோட்டங்களுக்கு அழைக்கப்படுபவர் பழக்கிக் கொடுக்கும் மாஸ்டர் மட்டுமே. என் தந்தை அப்படிப் பல தோட்டங்களுக்குப் போய் வந்தவர்.

சேலை தடுக்கும் காட்சியை விட்டுவிடுங்கள். இருபது வருடம் ரதி ஆடியவருக்குச் சேலை தடுக்காது. சிரிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு முறை எங்கள் ரதி, காதோரம் அரிதாரம் போகாமலே, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு வந்து நின்றார். கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ரதியம்மாவுக்குக் கொழுந்துக்குப் பேர் போடுவதா, கவ்வாத்துக்குப் போடுவதா?" என்று கேட்டார். கொழுந்து பறிப்பது பெண்கள் வேலை, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து ஆண்கள் வேலை. முதலில் சிரித்தவர் ரதிதான். இரவெல்லாம் தப்படித்தவர்களோ நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒலிப்பதிவாளர் (பண்டாரவளை):
தங்கையின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனாலும் பயணத்தை முழுவதுமாகக் கைவிட வேண்டுமா? மாஸ்டரையும் அவருடைய பழைய தப்புக்காரரையும் நண்பர்களாக்கினால் ரயிலும் கதையில் நிற்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1976-இல் வெளியான ‘கோமாளிகள்’ இலங்கை வானொலி நாடகத்திலிருந்து பிறந்த படம். ஆளுக்கொரு பேச்சு வழக்கு என்பதே அதன் பெரிய பலம். செலவில்லாத நகைச்சுவை பேச்சில்தான் கிடைக்கும். ஆகவே நடிகர்களைக் கொழும்புத் தமிழ் பேசவிடாதீர்கள்.

மாசியில் மலையின் மேற்குப் பக்கத்தில் மழை குறைவு என்பதால் படப்பிடிப்புக்கு அதுவே நல்ல காலம். தென்மேற்குப் பருவத்தில் எடுத்தால் லயத்துத் தகரக் கூரை ஒரு வசனத்தையும் கேட்கவிடாது. இரவுக் குளிரில் பேட்டரி விரைவில் இறங்கிவிடும். உதிரி பேட்டரிகளைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டரின் மகள்:
அண்ணா சொல்வது சரிதான். ஆனால் அந்த இருவரின் மனத்தாங்கலை நான் இழக்க விரும்பவில்லை. சிவன் மன்மதனை எரித்த பிறகு ரதி புலம்ப வேண்டும். வருடம் முழுவதும் முகங்கொடுத்துப் பேசாத ஒருவருக்காக ஊரே பார்க்க அழவேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். எரிந்துபோனதாகச் சொல்லப்படும் மன்மதனோ கொட்டகைக்குப் பின்னால் சாயத் தேநீர் குடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். படம் அங்கேதான் இருக்கிறது.

பணியக்கணக்கு:
இருவருக்கும் நன்றி. ரயில் காட்சிகளை மாஸ்டருக்குக் கொடுத்துவிட்டு, மற்ற இருவரையும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் (லயத்து அறைகளில்) குடிவைக்கிறோம். அப்பாவை நேரில் வந்து பார்க்கலாமா?

மாஸ்டரின் மகள்:
தை மாதத்துக்குள் வாருங்கள். காமன் ஊன்றிவிட்டால் அப்பா சினிமாப் பேச்சை எடுக்கவே விடமாட்டார்.