அப்பாவும் அப்பத்தாவும் அடுத்தடுத்து காலமானார்கள். பட்டா மாற்ற வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா சென்ற கார்த்திகையில் காலமானார். உயில் எழுதவில்லை. வீடு அவர் 1994இல் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. மூலப் பத்திரமும் வரி ரசீதுகளும் ஒரு மஞ்சள் பையில், ஆண்டுவாரியாக நூல் சுற்றி, அவர் வைத்தபடியே இருக்கின்றன. அந்த முடிச்சை அவிழ்க்க அம்மாவுக்கு இன்னும் மனம் வரவில்லை.

தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழில் அம்மா, நான், தம்பி, அப்பத்தா என நால்வர். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் மனைவி, பிள்ளைகளோடு சமமாகப் பங்கு பெறும் முதல் வகுப்பு வாரிசு என்பதை அப்போதுதான் அறிந்தேன். பட்டா மாற்றுவதற்குள், தை மாதம் அப்பத்தாவும் போய்விட்டார். தாத்தா முன்பே இல்லை. எனவே அப்பத்தாவின் கால் பங்கு மூன்றாகிறது: அத்தைகள் இருவருக்கும் பன்னிரண்டில் ஒன்று வீதம், அப்பாவுக்கு வர வேண்டியதாக எனக்கும் தம்பிக்கும் சேர்த்து இன்னொன்று.

"அண்ணன் வீட்டில் எங்களுக்கு எதுவும் வேண்டாம்ப்பா, எங்கே கையெழுத்து என்று மட்டும் சொல்" என்கிறார்கள் அத்தைகள். அப்படிப்பட்டவர்களை அலையவிடக் கூடாது என்பதே என் கவலை.

அண்ணன் பிள்ளைகளுக்கு அத்தை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதினால், குடும்ப உறுப்பினர்களுக்கான குறைந்த முத்திரைத் தீர்வை பொருந்துமா? அப்பத்தாவுக்குத் தனி வாரிசுச் சான்றிதழ் முதலில் வாங்க வேண்டுமா? பெரிய அத்தை கோவையில் இருக்கிறார், முழங்கால் வலியால் பயணம் முடியாது. தனக்காக வேறொருவர் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் அங்கேயே பதிந்து அனுப்பினால் ஏற்பார்களா?

இதே நிலையைக் கடந்து வந்தவர்கள், எந்த வரிசையில் செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.