அப்பா நடக்க நல்ல பாதை ஒன்று சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. அப்பாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் நோ. போன வருடம் இங்கிலாந்தில் அக்கா வீட்டில் நின்றபோது, பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் இடையில் முன்பு ரயில் ஓடிய தடத்தில் போட்ட தார்ப்பாதையில் தினமும் நடந்திருக்கிறார். மொத்தம் 21 கிலோமீற்றர். இவர் நடந்தது ஒரு துண்டுதான், ஆனால் படம் காட்டாத ஆள் இல்லை! ரயிலுக்குச் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் அந்தப் பாதையிலும் ஏற்றம் பெரிதாகத் தெரியாதாம்.

இப்ப இங்கே யாழ்ப்பாணத்திலும் அப்படி வேண்டும் என்கிறார். 1990க்குப் பிறகு ரயில் இல்லாத காலத்தில் தண்டவாளம் கழற்றிய மேட்டில் சனம் நடந்தும் சைக்கிளிலும் போனதுதானே. 2014இல் யாழ்தேவி ரயில் திரும்பி வந்தது, அந்தக் கதை முடிந்தது. (சந்தோஷம்தான், குறை சொல்லவில்லை.)

எங்கள் ஊரே தட்டை, ஏற்றம் பிரச்சினை இல்லை. தரைதான் பிரச்சினை. போன கிழமை ஒழுங்கையில் பெயர்ந்த கல்லில் செருப்பு நுனி தட்டி, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பண்ணைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போனேன். நல்ல காற்று, ஆனால் எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது.

கோண்டாவில், திருநெல்வேலி பக்கம் மட்டமான தரையும் நிழலும் உள்ள இடம் ஏதும் இருக்கோ? இடையில் இருக்க ஒரு வாங்கு வேண்டும், மோட்டார் சைக்கிள் தொல்லை குறைவாக இருந்தால் நல்லது. நாய்கள் பற்றியும் சொல்லுங்கோ, அப்பாவுக்குப் பயம்.