ஆய்வேட்டுக் களப்பணிக்கு நல்கை விண்ணப்பம்: முறையியலும் பட்ஜெட்டும் எப்படி எழுதுவது?

கரைமணல்:

வணக்கம். மானுடவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பாடங்களும் தகுதித் தேர்வும் முடிந்துவிட்டன. ஆய்வு முன்மொழிவின் வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. துறைமுக விரிவாக்கத்தால் இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்களில், பெண்கள் கடன் வாங்குவதும் கொடுப்பதும் எப்படி மாறுகிறது என்பது என் தலைப்பு. பத்து மாதக் களப்பணி.

மானுடவியல் ஆய்வுகளுக்குப் பணம் தரும் வென்னர்-கிரென் அறக்கட்டளையின் ஆய்வேட்டுக் களப்பணி நல்கைக்கு நவம்பர் 1 கெடுவில் விண்ணப்பிக்க நினைக்கிறேன். படிப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் என்பதால் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்எஸ்எஃப்) ஆய்வேட்டு நல்கையையும் பார்த்து வைத்திருக்கிறேன். நான் அமெரிக்கக் குடிமகள் அல்ல.

கேட்க நினைப்பது மூன்று. முறையியல் பகுதியில் "பங்கேற்புக் கூர்நோக்கு, 40 நேர்காணல்கள்" என்று எழுதியிருக்கிறேன் (பங்கேற்புக் கூர்நோக்கு என்பது மக்களோடு சேர்ந்து வாழ்ந்து கவனிப்பது). நெறியாளர் போதாது என்கிறார். என்ன சேர்க்க வேண்டும்? பட்ஜெட்டை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும்? மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதல் வருவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாமா?

ஏட்டுச்சுவடி:

நெறியாளர் சொல்வது சரி. நீங்கள் எழுதியிருப்பது கருவிகளின் பெயர். மதிப்பீட்டாளர் தேடுவது, கேள்வியின் எந்தப் பகுதிக்கு எந்தத் தரவு, அது யாரிடம் கிடைக்கும், எத்தனை முறை போவீர்கள், கிடைத்ததை வைத்து என்ன செய்வீர்கள் என்பதை. இந்த நான்கும் ஒன்றோடொன்று கோத்து வரவேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுவது இந்தக் கோவை அறுபடும் இடத்தில்தான். கோட்பாட்டுப் பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது காப்பாற்றாது.

முறையியலைத் தொடும் முன் கேள்வியைச் சீர்செய்யுங்கள். "கடன் எப்படி மாறுகிறது" என்பதற்கு எந்தப் பதிலும் பொருந்தும். அதைப் பிரித்துப் பாருங்கள். உறவினர், மீன் வியாபாரி, வட்டிக்கு விடுபவர், நுண்கடன் நிறுவனம் ஆகியோரில் யாரிடம் வாங்குவது குறைந்தது, யாரிடம் கூடியது? பிணையாக வைப்பது என்ன: நகையா, நாளை வரப்போகும் மீன்பாடா, வெறும் வாய்ச்சொல்லா? தவணை தவறினால் வாசலில் வந்து நிற்பது யார்? இப்படிப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் என்ன தரவு வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

அடுத்தது, உங்கள் விண்ணப்பத்தின் பெரிய ஓட்டை. "மாறுகிறது" என்று சொல்கிறீர்கள், ஆனால் இடம்பெயர்வதற்கு முந்தைய நிலை பற்றிய தரவு உங்களிடம் இல்லை. பெண்களிடம் கேட்டு நினைவிலிருந்து எடுப்பது பாதிதான் உதவும். திருமணம், மருத்துவச் செலவு போன்றவற்றுக்கு வாங்கிய பெரிய கடன்கள் நினைவில் நிற்கும். வாராவாரம் கைமாறும் சிறு தொகைகள் நிற்காது. உங்கள் ஆய்வுக்கு முக்கியமானவை அந்தச் சிறு தொகைகள்தான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே சந்தையில் மீன் விற்கிற, ஒரே வகைப் படகு வைத்திருக்கிற, ஆனால் இடம்பெயராத ஒரு குடியிருப்பையும் சேர்ப்பது ஒன்று. சேமிப்புக் குழுக்களின் பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதி பெறுவது இன்னொன்று. இரண்டும் முடிந்தால் நல்லது.

40 என்ற எண்ணுக்கும் காரணம் வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: இரண்டு குடியிருப்புகள், ஒவ்வொன்றிலும் 15 குடும்பங்கள், அந்த 15இல் படகுச் சொந்தக்காரர் 5, கூலிக்குக் கடலுக்குப் போவோர் 5, கடல்தொழிலை விட்டவர் 5. குடும்பத்துக்கு மூன்று நேர்காணல்கள், களப்பணியின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும். இவர்களில் பத்துக் குடும்பங்களில் மட்டும் 12 வாரங்களுக்கு வாராந்தரக் கடன் குறிப்பேடு. இதோடு கடன் கொடுப்பவர்கள் பத்துப் பேர். நீங்கள் சொன்ன திட்டத்தில் கொடுப்பவர்கள் பக்கமே இல்லை. "வாங்குவதும் கொடுப்பதும்" என்று தலைப்பில் வைத்துவிட்டு வாங்குபவரிடம் மட்டும் பேசினால் முதல் மதிப்பீட்டாளரே பிடித்துவிடுவார்.

பகுப்பாய்வுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள். "மென்பொருளில் குறியீடு செய்வேன்", அதாவது பேச்சின் பகுதிகளுக்குத் தலைப்புக் குறிகள் இடுவேன் என்பது பகுப்பாய்வு ஆகாது. எதை எதோடு ஒப்பிடுவீர்கள், எந்த முடிவு வந்தால் உங்கள் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று எழுதுங்கள். உறவினர் கடன் இரண்டு குடியிருப்புகளிலும் ஒரே அளவு சுருங்கியிருந்தால், காரணம் இடப்பெயர்வு அல்ல; மீன்பாடு குறைந்ததாக இருக்கலாம், அதே ஆண்டுகளில் நுண்கடன் நிறுவனங்கள் உள்ளே வந்ததாக இருக்கலாம். இந்த மாற்று விளக்கங்களை நீங்களே பெயர் சொல்லி, எந்தத் தரவு அவற்றைப் பிரித்துக் காட்டும் என்றும் சொல்லிவிட்டால் விண்ணப்பத்தின் தரம் ஒரு படி ஏறும். மதிப்பீட்டாளர் அதைக் கண்டுபிடித்து எழுதும்படி விட்டால் அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகும்.

கடைசியாக, வென்னர்-கிரென் மானுடவியலின் எல்லாக் கிளைகளுக்கும் பணம் தருகிறது. உங்களுடையதைப் படிப்பவருக்குக் கடன் பற்றிய ஆய்வுகளில் பழக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் பத்தியிலேயே ஆய்வுக் கேள்வி முழுதாக வந்துவிட வேண்டும். உலகமயமாதல் பற்றிய முன்னுரையை வெட்டுங்கள்.

வரவுசெலவு:

பட்ஜெட் பற்றி. வென்னர்-கிரெனின் உச்சவரம்பு 25,000 அமெரிக்க டாலர். பயணம், களத்தில் தங்கிச் சாப்பிடும் செலவு, கருவிகள், உதவியாளர் ஊதியம் இவற்றுக்குத் தருவார்கள். கல்விக் கட்டணம், உங்களுக்கான சம்பளம், பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பங்கு (நல்கையிலிருந்து பல்கலைக்கழகம் தன் பொதுச் செலவுக்கு எடுப்பது), ஆய்வேடு எழுதும் காலச் செலவு ஆகியவற்றுக்கு இல்லை. உச்சவரம்பை எட்டத்தான் வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. 17,400 போதும் என்றால் 17,400 என்று கேளுங்கள். 24,990 என்று முடியும் பட்ஜெட் பின்னாலிருந்து கட்டியது போலத் தெரியும்.

ஒவ்வொரு வரியும் பெருக்கலாக இருக்க வேண்டும். "உள்ளூர்ப் பயணம் 900" என்று போடாதீர்கள். ஒரு போக்குவரத்துக்கு இவ்வளவு, வாரத்துக்கு இத்தனை முறை, 40 வாரம் என்று காட்டுங்கள். நாணய மாற்று விகிதத்தையும் அதைப் பார்த்த தேதியையும் ஒருமுறை மேலே குறித்துவிடுங்கள்.

எல்லோரும் குறைத்து மதிப்பிடுவது ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலையை. ஒரு மணி நேரப் பதிவை எழுத 4 முதல் 6 மணி நேரம் ஆகும். பின்னணி இரைச்சல் இருந்தாலோ, பலர் ஒரே நேரத்தில் பேசினாலோ அதற்கும் மேல். மேலே ஏட்டுச்சுவடி போட்ட திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 30 குடும்பங்களுக்கு மூன்று முறை, 90 நேர்காணல்கள். கடன் கொடுப்பவர்களோடு சேர்த்து 100. தலா ஒரு மணி என்றால் 100 மணி நேரப் பதிவு. அதை எழுத்தாக்கக் குறைந்தது 400 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலைநாளாக 50 நாள்கள். மொழிபெயர்ப்பு இதில் சேரவில்லை. இதற்கு நீங்கள் "உதவியாளர், ஒரு மாதம்" என்று எழுதியிருந்தால் முறையியலும் பட்ஜெட்டும் ஒன்றையொன்று பொய்யாக்கும். முதல் சுற்று நேர்காணல்களை முழுதாகவும் மற்றவற்றைத் தேவையான பகுதிகள் மட்டுமாகவும் எழுத்தாக்குவேன் என்று முறையியலிலேயே சொல்லிவிட்டு, அதற்கேற்பப் பணம் கேளுங்கள்.

மறந்துபோகும் வரிகள் சில: ஆய்வு விசா, அரசு ஆய்வு அனுமதிக் கட்டணம், உள்ளூர் நிறுவனத்தோடு இணைப்புக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, பூட்டுச்சொல் போட்ட இரண்டு தனித்தனி வன்தட்டுகள், தகவலாளர்களுக்கான ஈட்டுத்தொகை. ஈட்டுத்தொகையில் நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடனில் இருப்பவரிடம் கடனைப் பற்றிப் பேசப் பணம் தருகிறீர்கள். தொகை பெரிதாக இருந்தால் மறுக்க முடியாத நிலையை உண்டாக்கும், ஒன்றுமே தராவிட்டால் அவருடைய ஒரு வேலைநேரத்தை எடுத்துக்கொண்டதாகும். நீங்கள் தேர்ந்த தொகைக்கு இரண்டு வரியில் காரணம் எழுதுங்கள்.

மடிக்கணினி கேட்பதைத் தவிர்க்கலாம். பொதுப் பயன்பாட்டுக் கருவி என்று தள்ள வாய்ப்பு அதிகம். ஒலிப்பதிவுக் கருவி தயங்காமல் கேளுங்கள்.

சாளரம்:

நடைமுறை பற்றி நான் சேர்க்கிறேன்.

குடியுரிமை இரண்டுக்கும் தடை இல்லை. வென்னர்-கிரெனுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். என்எஸ்எஃப்பில் பல்கலைக்கழகம் அமெரிக்காவில் இருந்தால் போதும். அமெரிக்க அரசின் இன்னொரு நல்கையான ஃபுல்பிரைட்-ஹேஸ் ஆய்வேட்டு நல்கைதான் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். அதில் நேரம் செலவிட வேண்டாம். அமெரிக்க அரசு நல்கைகளில் 2025 முதல் நிறைய மாறிவருவதால், என்எஸ்எஃப்பில் உங்கள் துறைக்கான அழைப்பு திறந்திருக்கிறதா என்பதைத் தளத்தில் உறுதிசெய்துகொண்டு பிறகு எழுதத் தொடங்குங்கள். பழைய அழைப்பை வைத்து எழுதி முடித்தபின் அது மூடப்பட்டது தெரிந்தால் ஒரு பருவமே வீண்.

என்எஸ்எஃப்பில் விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல, பல்கலைக்கழகம். நெறியாளர் முதன்மை ஆய்வாளர், நீங்கள் இணை முதன்மை ஆய்வாளர். நல்கை அலுவலகத்தார்தான் கடைசிப் பொத்தானை அழுத்துவார்கள். அவர்கள் உள்கெடு என்று ஒன்று வைத்திருப்பார்கள், வெளிக்கெடுவுக்கு ஐந்து முதல் பத்து வேலைநாள்கள் முன்பாக. நிர்வாகப் பங்கையும் அவர்களே கணக்கிட்டுச் சேர்ப்பார்கள். ஆகவே ஒன்றரை மாதம் முன்பே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இன்ன தேதிக்கு ஒன்று வருகிறது என்று சொல்லி வையுங்கள்.

என்எஸ்எஃப்பின் வடிவ விதிகளை அலட்சியமாக எண்ண வேண்டாம். திட்டச் சுருக்கத்தில் மேலோட்டம், அறிவுசார் தகுதி (துறையின் அறிவுக்கு என்ன சேர்க்கும்), பரந்த தாக்கங்கள் (சமூகத்துக்கு என்ன பயன்) என்ற மூன்றும் தனித்தனியாக வரவேண்டும். திட்ட விளக்கத்துக்குள்ளும் பரந்த தாக்கங்களுக்குத் தனித் தலைப்பு வேண்டும். இல்லையென்றால் மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பிவிடும். இணைய முகவரிகளைத் திட்ட விளக்கத்தில் வைக்காதீர்கள். தரவு மேலாண்மைத் திட்டத்தில், பெயர் நீக்கிய கடன் குறிப்பேடுகளை யார் பார்க்கலாம், மூல ஒலிப்பதிவு எப்போது அழிக்கப்படும் என்று தெளிவாக எழுதுங்கள். கணவருக்குத் தெரியாத கடன்கள் உங்கள் தரவில் கட்டாயம் இருக்கும். அது வெளியே கசிந்தால் வீட்டுக்குள் என்ன ஆகும் என்பதை மதிப்பீட்டாளர் யோசிப்பார்.

அறநெறிக் குழு: ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒப்புதல் வராமல் பணம் வராது. களத்தில் உள்ளூர் அறநெறிக் குழுவும் இருந்தால் அதற்குத் தனிக் காலம் பிடிக்கும். அரசு ஆய்வு அனுமதிக்கும் ஆய்வு விசாவுக்கும் பல மாதங்கள் ஆகலாம். வென்னர்-கிரெனில் நவம்பர் 1 சுற்றில் விண்ணப்பித்தால் ஆய்வு அடுத்த ஆண்டு ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் தொடங்க வேண்டும். மே 1 சுற்று என்றால் அதற்கடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. இதை மீன்பிடிப் பருவத்தோடு வைத்துப் பாருங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கடன் ஏறும் என்றால், உங்கள் பத்து மாதத்துக்குள் அந்தக் காலம் முழுதாக வரவேண்டும். அதைக் காட்டும் கால அட்டவணை ஒன்று போதும், களம் உங்களுக்குத் தெரியும் என்பதற்கு.

ஆய்வேடு தவிர மற்ற எல்லாக் கட்டங்களும் களப்பணி தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும் என்பது வென்னர்-கிரென் விதி. வாய்மொழித் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள்.

உள்ளூர் நிறுவனம் தரும் கடிதத்தில் "இந்த ஆய்வை வரவேற்கிறோம்" என்பது மட்டும் இருந்தால் பயனில்லை. எந்தக் குடியிருப்புகளில் அறிமுகம் செய்வார்கள், பதிவேடுகளைப் பார்க்க விடுவார்களா என்பதும் இருக்கட்டும். ஆனால் என்எஸ்எஃப்புக்குப் பாராட்டுக் கடிதங்கள் கூடாது. ஒத்துழைப்பை உறுதிசெய்யும் குறுங்கடிதம் மட்டும். ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பாதீர்கள்.

கரைமணல்:

மூவருக்கும் மிக்க நன்றி. கடன் கொடுப்பவர்களையும் இடம்பெயராத குடியிருப்பையும் சேர்த்துத் திருத்துகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். இரண்டு நல்கைகளும் கிடைத்தால் இரண்டையும் வாங்கலாமா? ஒன்றுமே கிடைக்காவிட்டால் அதே விண்ணப்பத்தை அடுத்த சுற்றில் அனுப்பலாமா?

வரவுசெலவு:

இரண்டையும் வாங்கலாம், ஒரே செலவுக்கு இரண்டு முறை வாங்கக் கூடாது. இப்போதே பிரித்துத் திட்டமிடுங்கள். ஒன்றில் பயணமும் தங்கும் செலவும், மற்றதில் உதவியாளரும் எழுத்தாக்கமும் இரண்டாவது குடியிருப்பும் என்று வைத்தால் பிறகு சிக்கல் வராது. இரண்டு விண்ணப்பங்களிலும் மற்றதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் இரண்டும் போகலாம். ஒன்று மட்டும் கிடைத்தால் எதை விடுவீர்கள் என்பதையும் முடிவு செய்து வையுங்கள். என்னைக் கேட்டால், குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறைப்பேன், இடம்பெயராத குடியிருப்பை விடமாட்டேன்.

ஏட்டுச்சுவடி:

கிடைக்காவிட்டால் மறுபடி அனுப்பலாம், ஆனால் அதே வடிவத்தில் வேண்டாம். வென்னர்-கிரெனில் மறுவிண்ணப்பத்தோடு என்னென்ன மாற்றினீர்கள் என்ற விளக்கமும் கேட்பார்கள். மதிப்பீட்டாளர் கருத்துகளை ஒரு தாளில் எடுத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: "ஏற்று மாற்றினேன்"; "ஏற்கவில்லை, காரணம் இது"; "அவர் தவறாகப் புரிந்துகொண்டார்". மூன்றாவது வகைதான் அதிகம் சொல்லித்தரும். கவனமாகப் படித்த ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால், அந்த இடத்தில் உங்கள் வாக்கியம் தெளிவாக இல்லை. விளக்கத்தில் அவரோடு வாதாடாமல் வாக்கியத்தைத் திருத்துங்கள்.

மறுசுற்றில் படிப்பவர் புதியவராக இருக்கலாம். அதனால் "முன்பு சொன்னதுபோல" என்று எங்கும் வரக் கூடாது; முழு விண்ணப்பமும் முதல்முறை படிப்பவருக்கு நிற்க வேண்டும். இரண்டு மதிப்பீட்டாளர்கள் எதிரெதிராகச் சொல்லியிருந்தால், ஒருவர் களம் சிறிது என்றும் மற்றவர் பெரிது என்றும், இருவரையும் திருப்திப்படுத்த முயல வேண்டாம். நெறியாளரோடு உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்து, அதற்கான காரணத்தை முறையியலிலேயே எழுதிவிடுங்கள்.