மூச்சோடு எரியும் விளக்கு: சென்சார் தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம். ஸ்டாக்ஹோமில் வடிவமைப்பு ஆய்வாளர் கிறிஸ்டினா ஹூக்கின் குழுவினர் செய்த 'மூச்சு விளக்கு' பற்றிப் படித்ததிலிருந்து அதுபோல ஒன்றைச் செய்து பார்க்கிறேன். படுத்திருப்பவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைச் சென்சார் அளக்கும்; அதற்கேற்ப வெளிச்சம் கூடிக் குறையும். வடிவமைப்பவர் முதலில் தன் உடம்பைக் கவனிக்கப் பழக வேண்டும் என்பது அவர்கள் முறை. அதனால் தினமும் நானே பாயில் படுத்துச் சோதிக்கிறேன். (வீட்டில் தூங்குகிறேன் என்றே நினைக்கிறார்கள்.)

சிக்கல் இதுதான். அர்டுயினோவில் (நாமே நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) தூரம் அளக்கும் சென்சார் வைத்திருக்கிறேன். அளவு குதிக்கிறது என்று சராசரி எடுத்தால் விளக்கு ஒரு நொடி பிந்துகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு, அதாவது ஒரு மூச்சுக்கே 3 முதல் 5 நொடிதான். அதில் ஒரு நொடி என்பது பெரிய தாமதம். கொஞ்ச நேரத்தில் விளக்கு என்னைப் பின்தொடராமல், நான் விளக்குக்காக மூச்சை இழுத்துப் பிடிக்கிறேன். நெஞ்சு இறுகுகிறது. தாமதமில்லாமல் அளவைச் சீராக்க வழி உண்டா? இல்லை, நெஞ்சை விட்டுவிட்டு வயிற்றில் பெல்ட் கட்டி அளப்பது நல்லதா?

அப்புறம் இன்னொன்று. சோதிக்க வந்த நண்பர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பதோடு முடிந்துவிடுகிறது. கனம், குறுகுறுப்பு, மரத்துப்போவது போன்ற சொற்களை எப்படி வரவழைப்பது? உடல் கோட்டோவியம் கொடுத்து, சோதனைக்கு முன்பும் பிறகும் வண்ணம் தீட்டச் சொல்லிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.