மறு: ஹம்பக்கருக்குத் தமிழில் என்ன? (மெட்டல் கிட்டார் கட்டுரைக்காக)

அனைவருக்கும் வணக்கம். மெட்டல் என்ற கனத்த ராக் இசைக்கு முதல் கிட்டார் வாங்குவோருக்காகத் தம்பி ஒரு கட்டுரை எழுதுகிறார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பான பிக்கப்பில் ஹம்பக்கர் ஒரு வகை, அதற்குத்தான் குழுவில் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> மெட்டல் இசையில் அதிக இரைச்சல் தேவைப்படுவதால் இரைச்சல் நீக்கி பொருத்திய கிட்டாரையே வாங்க வேண்டும்.

தம்பியின் கட்டுரை வரைவில் இந்த வரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். அவர் மேல் குற்றமில்லை. இந்தக் குழுவில் நாம் கொடுத்த சொற்களை வைத்துத்தான் எழுதியிருக்கிறார். முதல் இரைச்சல் டிஸ்டார்ஷன், இரண்டாவது இரைச்சல் ஹம். சேமித்த பணத்தோடு முதல் கிட்டார் வாங்கப் போகிற பையன் இதைப் படித்தால், இரைச்சல் வேண்டுமா வேண்டாமா என்றே தெரியாமல் கடை வாசலில் நிற்பான்.

ஹம்பக்கருக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் மூன்று ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வோம்.

முதலில் ஹம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது, அமெரிக்காவில் 60 முறை. சுவருக்குள் ஓடும் வயர், டிரான்ஸ்பார்மர், பழைய டியூப்லைட்டின் சோக் என எல்லாவற்றைச் சுற்றியும் அதே கணக்கில் ஒரு காந்தப்புலம் ஆடிக்கொண்டிருக்கிறது. கிட்டாரின் பிக்கப்பில் இருப்பதோ பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக்கம்பி. அந்தப் புலத்தை அது பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வாசிக்கும் கம்பியைத் தொடாமலே ஆம்பிலிருந்து (ஒலியைப் பெருக்கும் பெட்டியிலிருந்து) 'ம்ம்ம்' என்று வருவது இதுதான். குழுவில் இதற்கு 'ரீங்காரம்' வந்தது, 'உறுமல்' வந்தது. ரீங்காரம் இனிமையான சொல், தொல்லைக்கு அதைக் கொடுப்பது பாவம். உறுமலை மெட்டல் பாடகர்களிடமிருந்து பிடுங்க முடியாது, அவர்கள் தொண்டையால் செய்வதே அதுதான். வண்டு முரலும் என்கிறோமே, அந்த முரலை எடுத்து 'மின்முரல்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. எங்கிருந்து வருகிறது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது, ஆம்பின் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, கூட்டும்போது வரும் 'ஸ்ஸ்ஸ்'. இதற்குச் 'சீறல்' போதும். விவாதிக்க ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் டிஸ்டார்ஷன். அகராதியைத் திறந்தால் திரிபு, சிதைவு, உருக்குலைவு எல்லாம் இருக்கின்றன. மூன்றுமே பழுதைச் சொல்லும் சொற்கள். தொலைபேசித் துறைக்கு அவை சரி, அங்கே அது பழுதுதான். மெட்டலில் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆம்ப் தாங்குவதைவிடப் பெரிய அலையை உள்ளே அனுப்பினால் அலையின் தலையும் காலும் மழுங்கிவிடும். மழுங்கிய அலையில் புதிதாக மேற்சுரங்கள் முளைக்கும், ஒலி தடிக்கும், நீண்டு நிற்கும். இதற்கு 'முறுகல்' என்று சொல்லிப் பார்த்தேன். முறுகுதல் என்றால் கடுமையாதல், அளவு மிஞ்சுதல். தோசைக்கும் அதே சொல்தானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அங்கேயும் அளவு மிஞ்சித் தீய விட்டதைத்தான் கேட்டு வாங்குகிறோம். ஓவர்டிரைவுக்கு இளமுறுகல், டிஸ்டார்ஷனுக்கு முறுகல் என்று படிநிலையும் கிடைக்கிறது. தம்புராவில் நூல் வைத்து ஜீவா பிடிப்பதை நினைத்து ஒருவர் 'ஜீவா' என்றே வைக்கலாம் என்றார். அழகான யோசனை. ஆனால் அங்கே மேற்சுரங்களை எழுப்புவது குதிரையும் நூலும், இங்கே ஆம்ப். அந்தச் சொல் தம்புராவிலேயே இருக்கட்டும்.

இந்த இடத்தில் புலவர் ஐயா போன வாரம் எழுதியதையும் சேர்த்துக்கொள்கிறேன். மெட்டலில் சேர்த்து மீட்டும் பவர் கார்டில் அடிச்சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டுமே இருக்கும், அதாவது ச-வும் ப-வும். நடுவில் மூன்றாம் சுரத்தைச் சேர்த்து முறுகலில் விட்டால் ஒன்றோடொன்று கலந்து புதுப்புது அதிர்வுகள் பிறந்து ஒலி சேறாகிவிடும். ச-ப மட்டும் தெளிவாக நிற்கும். சிலப்பதிகாரத்தின் இணை, கிளை, பகை, நட்பு என்ற நால்வகைக்கு உரைகாரர் சொல்லும் கணக்கில் ஐந்தாம் நரம்பு கிளை, மூன்றாம் நரம்பு பகை. இதைப் படித்ததிலிருந்து பவர் கார்டைக் 'கிளைக்கட்டு' என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. 'இளிக்கட்டு' என்ற இன்னொரு முன்மொழிவும் இலக்கணப்படி சரியே, பஞ்சமத்துக்குப் பழம்பெயர் இளிதான். ஆனால் இன்றைக்கு இளி என்று எழுதினால் எல்லாரும் பல்லைக் காட்டுவார்கள்.

சரி, ஹம்பக்கருக்கு வருவோம்.

> பிக்கப் = ஒலிவாங்கி, ஹம்பக்கர் = இரைச்சல் நீக்கும் ஒலிவாங்கி

ஒலிவாங்கி மைக்குக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதோடு, பிக்கப் ஒலியை வாங்குவதே இல்லை. எஃகுக் கம்பி காந்தத்துக்கு மேலே அதிரும்போது புலம் அசைகிறது, சுருளில் மின்னோட்டம் எழுகிறது, அவ்வளவுதான். நைலான் நரம்பு கட்டிய கிட்டாரில் இந்த பிக்கப்பை வைத்தால் ஒன்றும் கேட்காது. சென்சாருக்கு நாம் புழங்கும் 'உணரி' இதற்குப் போதும்.

இனி 'நீக்கி'. 1950களில் அமெரிக்காவின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் கிட்டார் ஆலையில் சேத் லவர் என்ற பொறியாளர் இதை வடிவமைத்தார். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பம், 1959இல் காப்புரிமை. இடைப்பட்ட காலத்தில் வந்த உணரிகளின் அடியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் (Patent Applied For) என்று ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். அந்த வாசகத்தின் முதலெழுத்துகளால்தான் இன்றைக்கும் அவற்றை பி.ஏ.எஃப். என்கிறார்கள். அவர் செய்தது இது: இரண்டு சுருள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்றை மற்றதற்கு எதிராக இணைத்தார். வெளியிலிருந்து வரும் மின்முரல் இரண்டிலும் ஒரே மாதிரி விழுவதால் ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல், மொத்தம் பூச்சியம். கம்பியின் அதிர்வும் அப்படியே அழிந்துவிடக் கூடாதே! அதற்காக ஒரு சுருளின் காந்தத்தையும் தலைகீழாக்கினார். கம்பியின் அதிர்வுக்குச் சுருளும் எதிர், காந்தமும் எதிர். கழித்தலும் கழித்தலும் சேர்ந்து கூட்டல். தொல்லை அழிகிறது, இசை இரட்டிக்கிறது.

ஆக இது நீக்குவது மின்முரலை மட்டும். ஆம்பின் சீறல் அப்படியே இருக்கும், முறுகல் இன்னும் கூடும். இதை 'இரைச்சல் நீக்கி' என்று எழுதினால் வாங்கியவன் வீட்டுக்குப் போய் ஏமாறுவான். 'முரல்கொல்லி' பூச்சிமருந்துக் கடையை நினைவூட்டுகிறது. 'இரட்டைச்சுருள் உணரி' பரவாயில்லை, பலரும் அதற்குத்தான் வாக்களித்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டு சுருள் இருப்பது மட்டும் போதாது, அவை எதிரெதிராக இருக்க வேண்டும். அதனால் நான் முன்வைப்பது 'எதிர்ச்சுருள் உணரி'. மற்றது 'ஒற்றைச்சுருள் உணரி'. பேச்சில் எதிர்ச்சுருள், ஒற்றைச்சுருள் என்று சுருக்கிக்கொள்ளலாம். மூன்று ஒற்றைச்சுருள் உள்ள கிட்டார்கள் பலவற்றில், சுவிட்சை இடைநிலையில் வைத்தால் இரண்டு உணரிகள் சேர்ந்து மின்முரல் அடங்கும். அங்கே அவை எதிர்ச்சுருளாக வேலை செய்கின்றன என்று தயங்காமல் எழுதலாம். 'இரட்டைச்சுருள்' என்றால் அந்த இடத்தில் குழப்பம்.

மெட்டலுக்கு எதிர்ச்சுருள் ஏன் என்பதைக் கட்டுரையில் இன்னும் விரித்து எழுதுங்கள். கெயினைக் கூட்டும்போது கம்பியின் ஒலியோடு மின்முரலும் சேர்ந்தே பெருகும். உள்ளங்கையால் அமுக்கி வாசித்துச் சட்டென்று நிறுத்தும் இடத்தில் அமைதி வேண்டும், அங்கே 'ம்ம்ம்' வந்தால் வாசித்தது கெட்டது. இது ஒன்று. இரண்டு சுருள் தொடராகச் சேரும்போது வெளியீடு கூடும், உச்சக் கூர்மை சற்று மழுங்கும், ஒலி தடிக்கும். இது இன்னொன்று. ஆனால் எதிர்ச்சுருள் இல்லாமல் மெட்டலே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பர்மிங்காமின் டோனி ஐயோமி பிளாக் சபாத் என்ற மெட்டல் குழுவின் தொடக்கத் தட்டுகளில் வாசித்த எஸ்.ஜி. கிட்டாரில் இருந்தவை பி-90 என்ற ஒற்றைச்சுருள்கள்.

> பாலம் (அசையும் பாலம், மிதக்கும் பாலம்)

பிரிட்ஜுக்கு வரைவில் இருக்கும் இந்தச் சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் கோபமே வந்தது. வீணையிலும் வயலினிலும் கம்பியைத் தாங்குகிற அதே உறுப்புக்குக் 'குதிரை' என்ற சொல் கைவினைஞர் வாயில் இன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆற்றுக்குப் போட்டதை எதற்குக் கொண்டுவர வேண்டும்? ஃப்ரெட்டுக்கும் அப்படித்தான், வீணைக்காரர்கள் மெட்டு என்கிறார்கள். சரஸ்வதி வீணையில் 24 மெட்டு, பல மெட்டல் கிட்டார்களிலும் 24. இரண்டிலும் கணக்கு ஒன்றுதான், ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயி.

அசையாதது நிலைக்குதிரை. ஃபிளாய்ட் ரோஸ் என்ற வகையைப் போலச் சுருள்வில்லின் இழுப்பில் நிற்பது ஆடுகுதிரை. இந்தப் பெயரே வாங்குபவருக்கு ஒரு எச்சரிக்கை. ஆடுகுதிரையில் ஒரு கம்பியைத் தளர்த்தினால் வில்லின் இழுப்பு மேலோங்கி மற்ற ஐந்தின் சுருதியும் நகரும். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுகிறவர், முதல் கிட்டார் வாங்குகிறவர் இருவருக்கும் நிலைக்குதிரைதான் நிம்மதி.

கடைசியாக ஸ்கேல் லெங்த். 'அளவுகோல் நீளம்' என்று வரைவில் இருக்கிறது. அளவுகோல் எங்கிருந்து வந்தது? மேல்முனைக்கும் குதிரைக்கும் நடுவே கம்பி அதிரும் நீளம் அது. 'அதிர்நீளம்'. பொதுவாக கிப்சனில் 24.75 அங்குலம், ஃபெண்டரில் 25.5. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை அதிர்நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இந்த முக்கால் அங்குலத்தில் சுமார் 6 விழுக்காடு. மெட்டலில் இது ஏன் முக்கியம் என்றால் சுருதியை இறக்குவார்கள். அடிக்கம்பியை ஈ (E) சுரத்திலிருந்து டீ (D) சுரத்துக்கு இறக்கினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சீ (C) வரை இறக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கம்பி தொளதொளக்கும். அதிர்நீளம் கூடிய கிட்டார், அல்லது தடித்த கம்பி, இரண்டில் ஒன்று வேண்டும். தொளதொளப்பையே விரும்பியவரும் உண்டு. தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்த ஐயோமி, 1971 அளவில் மூன்று அரைச்சுரம் இறக்கிக் கட்டினார். விரலுக்கு வலி குறைந்தது, மெட்டலுக்கு அந்தக் கனத்த ஒலி கிடைத்தது.

கிட்டாரா கிற்றாரா என்ற சண்டையை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்.

---

அண்ணா, வணக்கம்.

குதிரை, மெட்டு, அதிர்நீளம் மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எதிர்ச்சுருளில்தான் ஒரு தயக்கம். கடையில் எல்லாரும் ஹம்பக்கர் என்றுதான் சொல்கிறார்கள், எதிர்ச்சுருள் என்று கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஒரு சுருளை மட்டும் அணைக்கும் வசதிக்கு என்ன சொல்வது? அப்புறம் ஆக்டிவ் பிக்கப்புக்கு 'செயலூக்க உணரி' சரியா?

---

தம்பி,

கடையில் ஹம்பக்கர் என்றே கேளுங்கள், யாரும் தடுக்கவில்லை. கட்டுரையில் முதல் இடத்தில் 'ஹம்பக்கர் எனப்படும் எதிர்ச்சுருள் உணரி' என்று எழுதிவிட்டால் அடுத்து வரும் இடங்களில் எதிர்ச்சுருள் தானே புரியும். சுருளை அணைப்பதற்குச் 'சுருள் பிரிப்பு'. பிரித்தால் எதிர் இல்லை, அதனால் மின்முரல் திரும்பி வரும். அதையும் ஒரு வரி எழுதுங்கள், விற்பவர்கள் சொல்வதில்லை.

செயலூக்கம் வேண்டாம். மற்ற உணரிகள் செயலற்றுக் கிடக்கின்றன என்று தோன்றும். உள்ளே ஒரு சிறு பெருக்கி, அதற்கு 9 வோல்ட் பேட்டரி. 'மின்கல உணரி' என்றால் பேட்டரி வாங்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். மெட்டாலிகா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டால் பெயர்பெற்ற இ.எம்.ஜி. 81 இந்த வகைதான்.

உங்கள் பத்தியைத் திருத்தி எழுதிப் பார்த்தேன்:

> மெட்டலுக்கு முதல் கிட்டார் வாங்குபவர், குதிரைப் பக்கம் எதிர்ச்சுருள் உணரி (ஹம்பக்கர்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முறுகலைக் கூட்டும்போதும் மின்முரல் எழாமல் அது காக்கும், சீறலை அது தடுக்காது. நிலைக்குதிரை உள்ளதாக, 25.5 அங்குல அதிர்நீளத்தோடு கிடைத்தால் சுருதியை டீ வரை இறக்கி வாசிக்க வசதி. மின்கல உணரி என்றால், வாசித்து முடித்ததும் கேபிளைக் கிட்டாரிலிருந்து பிடுங்கி வைக்க வேண்டும். செருகியே இருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும்.

மர வகை பற்றிய மூன்று பத்திகளை ஒன்றாகச் சுருக்கிவிடுங்கள். இவ்வளவு முறுகலில் மகோகனியா பாஸ்வுட்டா என்று எவர் காதுக்கும் தெரியப்போவதில்லை. எடையும் கழுத்தின் தடிமனும் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லி எழுதுங்கள், அது போதும்.